குரல் மாறாமல் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

திரையில் அதிகம் இடம் கிடைக்காத மக்களை அவர்களுடைய பேச்சிலேயே பேசவிட்டுப் படம் தயாரிக்கும் சிறு குழு நாங்கள். படத்தின் கடைசியில் உங்கள் பெயர்கள் சில வினாடிகளில் ஓடிப்போகின்றன. நீங்கள் செய்தது என்ன என்று அங்கே சொல்ல இடமில்லை.

ஒப்புதல் படிவம் எழுதித் தந்த வழக்கறிஞருக்கு முதல் நன்றி. இந்தப் படிவங்களில் "எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்" என்றொரு வரி இருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் பெரும்பாலும் அதைப் படித்திருக்க மாட்டார். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குள் கொண்டுவந்தீர்கள். அதை அவரவர் மொழியில் வாசித்துக்காட்டி, வாசித்ததையும் பதிவுசெய்யச் சொன்னீர்கள். எடிட்டிங் முடியுமுன் அவரவர் காட்சியைப் போட்டுக்காட்டி இரண்டாம் முறை சம்மதம் கேட்கவும் வைத்தீர்கள். மனம் மாற யாருக்கும் உரிமை உண்டு. முன்பே தெரிந்தால் காட்சியை வேறு மாதிரி வெட்டலாம், ஒலிக்கலவை முடிந்தபின் தெரிந்தால் படமே ஆட்டங்காணும்.

ஒலிப்பதிவாளரே, ஒவ்வோர் இடத்திலும் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து ஒரு நிமிடம் வெறும் அறைச்சத்தத்தை எடுத்தீர்கள். அது இல்லாவிட்டால் வசனத்தை வெட்டிய இடமெல்லாம் ஓட்டையாகக் கேட்கும். அதை மறைக்க டப்பிங் போகவேண்டிவரும். வீட்டுத் திண்ணையில் சரளமாகப் பேசியவர், டப்பிங் அறைக்குள் போனதும் பாடப்புத்தகம் போலப் பேச ஆரம்பித்துவிடுவார்.

படம்பிடித்த மெமரி கார்டுகளைக் காத்தவருக்கு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். சரிபார்க்காமல் ஒரு கார்டைக்கூட நீங்கள் அழிக்கவில்லை.

சப்டைட்டில் செய்தவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். ஆங்கிலத்தில் வரிக்கு 42 எழுத்து, திரையில் இரண்டே வரி, அதிகம் போனால் 7 வினாடி. நீளமாகப் பேசுகிறவரை அதற்குள் அடக்கும்போது முதலில் கழிந்துபோவது அவருடைய தயக்கமும், எதிரில் இருப்பவரை அவர் கூப்பிடும் விதமும்தான். அவை இரண்டையும் நீங்கள் விடவே இல்லை. காது கேளாதோருக்கான பதிப்பில் ஓரிடத்தில் "அழுகை" என்று மட்டும் போட்டிருந்தது. சரிபார்க்க வந்த காது கேளாத தோழி, "யார் அழுகிறார்? எங்கிருந்து?" என்று கேட்டார். அது "கதவுக்குப் பின்னால் பாட்டியின் அடக்கிய அழுகை" என்று மாறியது. அந்த ஷாட்டில் மூடிய கதவைத் தவிர வேறெதுவும் தெரியாது.

டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி, செய்தவருக்கு: வினாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்த படத்தை 24 ஃப்ரேமில் ஓட்டினால் 100 நிமிடம் 104 நிமிடம் 10 வினாடியாக நீளும். ஒலியும் கூடவே நீண்டு, எல்லார் குரலும் கட்டையாகிவிடும். நீங்கள் சுருதியைத் திருத்தியதோடு நிற்காமல், ஒவ்வொருவர் குரலையும் மூலப்பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். குரலுக்காகவே எடுத்த படத்துக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

கடைசியாக, பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட நால்வருக்கு. டைட்டிலில் உங்கள் பெயர் இல்லை. மூலப்பதிவுகளின் கோப்புகளிலும் நீங்கள் எண்களாக மட்டுமே இருக்கிறீர்கள். அப்படியே இருப்பீர்கள்.

நன்றியுடன்,
தயாரிப்புக் குழு