சாமியையாவது திட்டிவிடு தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் செய்தால் "நல்லா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

பொங்கலுக்கும் வரவில்லை. ஆர்டர் அவசரம் என்றாய், சரி, பெரியம்மா கேட்டபோது நானும் அதையே சொன்னேன். திருப்பூரிலிருந்து வந்தவர்கள் ஏதேதோ பேசினார்கள். அதில் எதையும் உன்னிடம் கேட்கப்போவதில்லை.

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 விடிகாலையை நீ மறந்திருக்க மாட்டாய். தாத்தா வைத்த தென்னந்தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை, அப்பா அந்தப் பக்கமே போகாமல் திண்ணையில் கிடந்தார், நீதான் தஞ்சாவூர் வரைக்கும் போய் ஜெனரேட்டர் பிடித்து வந்து தெருவுக்கே தண்ணீர் ஏற்றிக் கொடுத்தாய். இன்றைக்கும் சொல்கிறார்கள். ஊருக்கு ஒன்று என்றால் ஓடுகிற பிள்ளை, தனக்கு ஒன்று என்றால் மட்டும் இப்படி வாயைப் பூட்டிக்கொண்டால் நாங்கள் என்ன செய்வது?

எல்லாம் நல்லதுக்கே என்று அப்போது ஆறுதல் சொன்னவர்களைக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது. எனக்கும்தான். ஆனால் ஒன்று, அதுவரை அவருக்குக் கோயில் என்றால் திருவிழா வரி கொடுப்பது, தேங்காய் உடைப்பது, அவ்வளவுதான். மரமெல்லாம் போன பிறகுதான் விடிகாலையில் சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் பேச ஆரம்பித்தார். பேச்சா அது, சண்டை. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படிச் சண்டை போட்டுப் போட்டுத்தான் ஒருநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டப் போனார். கிணற்றடி நெட்டைப்பிள்ளையில் இப்போது பாளை வெடித்துக் குரும்பை பிடித்திருக்கிறது, தினமும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.

போன மாசம் பட்டுக்கோட்டையில் ரயிலேறித் திருவாரூர் போனேன். உன்னைப் பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறியதில் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயிற்றே, காஞ்சியில் இடக்கண் வந்தது, வலக்கண் திருவாரூரில்தான். தப்பு அவருடையதுதான், ஆனாலும் கூனிக்குறுகி நின்றாரா? உமக்கே அடிமைப்பட்டவர்கள் இப்படி அல்லாட வேண்டுமானால் நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் என்று சிவனின் முகத்துக்கு நேரே பாடினார். கோபம் வந்தால் பக்தி போய்விட்டது என்று நினைக்காதே தம்பி. வாயை மூடிக்கொண்டால்தான் அவன் தூரமாகிப் போகிறான். கையில் நாலு காசு புழங்கும்போது நம்மில் யார் அவனிடம் இவ்வளவு நெருங்கிப் பேசியிருக்கிறோம்?

தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து திட்டு. அப்புறம் எங்களிடமும் சொல். மேலவயல் பத்திரம் பீரோவில்தான் இருக்கிறது, அப்பா யோசிக்கவே மாட்டார், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன், எடு. நீ பேசாவிட்டால் போனை மருமகளிடமாவது கொடு.

அம்மா