எங்கள் செய்முறைத் தாளில் இருந்த சோடா அளவைப் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே டியோடரண்ட் செய்துகொள்ள எங்களிடம் எண்ணெயும் ஷியா வெண்ணெயும் (ஷியா மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) தேன்மெழுகும் வாங்குகிறீர்கள். அவற்றோடு ஒரு செய்முறைத் தாளையும் வைத்து அனுப்பிவந்தோம். அந்தத் தாளில் இருந்த சமையல் சோடாவின் அளவு தவறு. களிம்பில் சேர்க்கும் கூவைக்கிழங்கு மாவோ சோள மாவோ எவ்வளவோ அதே அளவு சோடா என்று எழுதியிருந்தோம். அதைப் பின்பற்றியவர்களில் சிலருக்கு அக்குள் சிவந்து, எரிச்சல் கண்டு, தோல் கறுத்தும் போயிருக்கிறது. முதலில் எழுதிக் கேட்டவர்களிடம், "உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, இரண்டு வாரம் பொறுத்தால் பழகிவிடும்" என்று பதில் சொன்னோம். அந்தப் பதில் அளவைவிடப் பெரிய தவறு. மனமார மன்னிப்புக் கேட்கிறோம்.

அக்குள் வழியாக நச்சு எதுவும் வெளியேறுவதில்லை. அந்த வேலையைப் பார்ப்பவை கல்லீரலும் சிறுநீரகங்களும். வியர்வை உடம்பின் சூட்டைத் தணிப்பதற்கானது. அது சுரக்கும் நேரத்தில் அநேகமாக வாசனையே இருக்காது. அக்குளில் பருவ வயதுக்குப் பிறகு வேலை செய்யத் தொடங்கும் தனிவகைச் சுரப்பிகள் உண்டு. அவற்றின் சுரப்பில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைக்கும்போது பிறக்கும் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும்தான் நாம் முகர்கிற நாற்றம். ஆகவே டியோடரண்டுக்கு இரண்டே வேலை: பாக்டீரியாவின் பெருக்கத்தைக் குறைப்பது, பிறந்த நாற்றத்தை அடக்குவது. வியர்வையை நிறுத்துவது அதன் வேலை இல்லை. கடையில் விற்கும் வியர்வைத் தடுப்பான்களில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைத்துவிடுகின்றன. வீட்டில் செய்யும் களிம்பு அதைச் செய்யாது. பூசிய பிறகும் அக்குள் நனையும். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

சோடா நாற்றத்தை அடக்குவது உண்மைதான். நாற்றமுள்ள அமிலங்களை அது நடுநிலையாக்கிவிடுகிறது. தொல்லை வருவது அதன் காரத்தன்மையால். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம், பி.எச். என்ற அமில-கார அளவுகோலில் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4.5 முதல் 5.5 வரை. சோடா கரைந்த நீர் 8-க்குச் சற்று மேலே. அந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் அமிலத்தன்மை பத்து மடங்கு குறைகிறது என்று பொருள். மூன்று படி ஏறினால் ஆயிரம் மடங்கு. களிம்பு டப்பாவில் இருக்கும்வரை சோடா சும்மா கிடக்கிறது. வியர்வை பட்டதும் கரைந்து, மூடிய ஈரமான மடிப்பில் மணிக்கணக்கில் தோலின் அமிலப் போர்வையை அரிக்கிறது. அரைபடாத சோடாத் துகள் உராய்ந்து கீறுவது வேறு.

இனி இந்த அளவில் செய்யுங்கள், மொத்தம் 100 கிராம் வரும். தேங்காய் எண்ணெய் 40 கிராம், ஷியா வெண்ணெய் 25, தேன்மெழுகு 5, கூவைக்கிழங்கு மாவு அல்லது சோள மாவு 25, நன்றாக அரைத்துச் சலித்த சோடா 5. தோல் மென்மையானவர்கள் சோடாவை முழுக்க விட்டுவிட்டு மாவை 30 ஆக்கிக்கொள்ளலாம். சோடாவுக்குப் பதிலாக மெக்னீசியம் ஹைட்ராக்சைடு தூளும் சேர்க்கலாம். அதுவும் காரம்தான், ஆனால் நீரில் மிக மிகக் குறைவாகவே கரைவதால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது.

எண்ணெயையும் மெழுகையும் நேரடித் தீயில் வைக்க வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். மெழுகு உருக 63 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அது உருகியதும் ஷியாவைப் போட்டு, கரைந்தவுடன் இறக்கிவிடுங்கள். தூள்களை உடனே கொட்டினால் அடியில் தங்கிவிடும்; கலவை சற்றுக் கெட்டிப்படும்வரை காத்திருந்து கொட்டிக் கிளறுங்கள். நறுமண எண்ணெய் விரும்பினால் கடைசியாகப் பத்துத் துளி போதும். லாவண்டர் சேர்க்கலாம். எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்கள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக்கூடியவை, அவை வேண்டாம். டப்பாவில் ஊற்றிக் குளிர்பெட்டியில் சட்டென்று ஆறவிடுங்கள். மெல்ல ஆறினால் ஷியா மணல்போல் நறநறக்கும்.

தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே உருகிவிடும். வெப்பம் மிகுந்த நாட்களில் களிம்பு இளகினால் மெழுகை 8 கிராமாகக் கூட்டி, எண்ணெயை 37 ஆகக் குறைத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் சேரவே கூடாது. நீர் இல்லாததால்தான் இந்தக் களிம்பு பதப்படுத்தும் பொருள் இன்றியே கெடாமல் இருக்கிறது. ஈர விரலால் தொட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சிக்கு வாடை வந்தால் எறிந்துவிடுங்கள்.

முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். பிறகு அக்குளில் பூசும்போது பட்டாணி அளவு போதும். கூடினால் சட்டையில் எண்ணெய்க் கறை படியும். முடி மழித்த அன்று பூச வேண்டாம். எரிந்தால் உடனே கழுவி நிறுத்துங்கள். கொப்புளம், கட்டி, நீர்க்கசிவு இருந்தாலோ, உடல் வாடை திடீரென்று மாறினாலோ தோல் மருத்துவரிடம் போங்கள்.

படிகாரம் பூசலாமா என்று பலர் கேட்கிறீர்கள். பூசலாம், ஆனால் படிகாரமும் அலுமினிய உப்புதான். ஆகவே அதை "அலுமினியம் இல்லாதது" என்று நாங்கள் விற்க மாட்டோம். அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்பதும் நிறுவப்படவில்லை. அந்த அச்சத்தைச் சொல்லி எங்கள் பொருளை உங்கள் கையில் திணிக்க எங்களுக்கு மனமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அலுமினியம் கலந்த தடுப்பான்களைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய தாளைப் பார்த்துச் செய்த களிம்பு வீட்டில் மீதம் இருக்கிறதா? அந்த அளவின்படி 100 கிராமில் 25 கிராம் சோடா இருக்கும். அதை 5 சதவீதத்துக்கு இறக்க இன்னும் 400 கிராம் சோடா இல்லாத கலவை வேண்டும். அவ்வளவு பேர் வீட்டில் இல்லை என்றால் வீண்வேலை. காகிதத்தில் வழித்துக் குப்பையில் போடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் கொழுப்பு உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அந்தத் தாளை நம்பி வாங்கிய பொருளுக்கான தொகையைத் திருப்பித் தருகிறோம். பொட்டலம் பிரித்ததா பிரிக்காததா என்று கேட்க மாட்டோம்.

அன்புடன்,
கடையிலிருந்து நாங்கள்