குணாவுக்கு: 200 யார் (கெஜம்) போதும்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் குணா,

உன் கடிதமும், துவக்கு ரவைப் பெட்டியில் இருந்து நீ பார்த்தெழுதிய அட்டவணையும் கிடைத்தன. நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு பேரன் காய்ச்சலில் படுத்துவிட்டான், அதுதான் பதில் பிந்திவிட்டது. இப்போது சுகம். பின்வளவில் பனம்பழம் விழுந்தபடி இருக்கிறது, பொறுக்கத்தான் ஆளில்லை.

சரி, துவக்குக் கதைக்கு வருகிறேன். கனடாவில், மெடிசின் ஹற் பக்கத்து வெட்டவெளியில் புரொங்ஹோர்ன் மானுக்கு ஸ்கோப்பை, அதுதான் துவக்கின் மேல் பூட்டும் குறிபார்க்கும் கண்ணாடியை, எத்தனை யாரில் சரிப்படுத்துவது, அதாவது எந்தத் தூரத்தில் குறி பார்த்த இடத்திலேயே வெடி படும்படி வைப்பது என்று கேட்டிருந்தாய். உன் அப்பா முரசுமோட்டை வயலில் பன்றிக்குக் காவல் இருந்த காலத்தில் இந்தத் தலையிடி இல்லை. பன்றி கிட்ட வரும்வரை பொறுத்திருந்து வெடி வைப்பார். எனக்கு வேட்டை தெரியாது. ஆனால் இணைந்த கணிதம் படிப்பித்தவனிடம் இப்படி ஒரு கேள்வி வந்தால் விடுவானா? கட்டத்தாளில் கீறிப் பார்த்தேன்.

உன் 270 வின்செஸ்டர் துவக்கில் 130 கிரெயின் நிறையுள்ள சன்னம் செக்கனுக்கு 3060 அடி வேகத்தில் கிளம்புகிறது. 300 யார் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு செக்கன். அதற்குள் அரை மீற்றர் விழுந்துவிடும். அதனால் குழல் கொஞ்சம் மேல்நோக்கித்தான் இருக்க வேண்டும். ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருப்பதால் சன்னம் பார்வைக்கோட்டை இரண்டு தரம் வெட்டும்: கிட்டத்தில் ஏறும்போது ஒன்று, தூரத்தில் இறங்கும்போது மற்றது. நீ தீர்மானிக்க வேண்டியது அந்த இரண்டாவதை.

உன் கூட்டாளி சொல்கிற 275 யாரில் வைத்தால் சன்னம் 100 இல் பார்வைக்கோட்டுக்கு மேலே மூன்று அங்குலம் உயரும், 150 இல் மூன்றரை. 300 இல் ஒன்றரை அங்குலம்தான் இறங்கும். கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் அந்த மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்போகும் இடம் ஓர் எட்டங்குல வட்டம், நடுவில் இருந்து மேலே நாலு அங்குலம். அதில் மூன்றரையைச் சன்னமே தின்றுவிட்டால், மூச்சு வாங்கக் குந்தியிருந்து சுடுகிற உன் கைக்கு மிச்சம் என்ன? வெடி முதுகுக்கு மேலால் போகும், அல்லது மேல்முதுகில் பட்டு மான் காயத்தோடு ஓடும்.

நான் என்றால் 200 யாரில் வைப்பேன். 100 இல் ஒன்றரை அங்குலம் மேலே, 300 இல் ஆறரை அங்குலம் கீழே. 250 வரை நடு நெஞ்சைப் பார்த்தே சுடலாம். 300 என்றால் முதுகுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே பிடி. அதற்கப்பால் சுடாதே, கிட்டப் போ.

பெட்டியில் போட்டிருக்கும் வேகம் 24 அங்குலக் குழலில் அளந்தது. உன்னுடையது 22, கொஞ்சம் குறையும். சுடுகளத்தில் தூரப் பலகை மீற்றரில் இருந்தால் கவனம், 200 மீற்றர் 219 யார். அப்புறம் காற்று. மணிக்கு பத்து மைல் பக்கக்காற்றே 300 யாரில் ஆறேழு அங்குலம் தள்ளிவிடும். நீ எழுதுகிற காற்று பத்தோடு நிற்பதாய்த் தெரியவில்லை. உயரத்தை விட எனக்கு அதுதான் யோசனை.

வேட்டைக்குப் போக முதல் 300 யாரில் கடதாசிக்குச் சுட்டு, எத்தனை அங்குலம் இறங்கியது என்று அளந்து எழுது. என் கட்டத்தாளோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சிவம்