வயிற்றையும் காலையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு

அம்மா வீடு திரும்பிப் பத்து நாளாகிறது. நேற்று ராத்திரி இரண்டு கால்களையும் நன்றாக நீட்டித் தூங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

மூன்று மாதமாக அவருக்கு அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி. வலது தொடையின் உட்புறத்திலிருந்து முழங்கால்வரை இன்னொரு வலி. வயிற்றுக்குக் காட்டிய இடத்தில் வாயு என்றார்கள், காலுக்குக் காட்டிய இடத்தில் மூட்டுத் தேய்மானம் என்றார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. 76 வயதில் இப்படித்தான் இருக்கும் என்று நானே சொல்லியிருக்கிறேன். அதற்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

வாந்தியெடுத்து வயிறு உப்பிப்போன அந்த இரவில், "விடியட்டும்னு பார்த்துட்டு இருக்காதே" என்று காரை எடுத்த மேல்வீட்டு அக்காவுக்கு முதல் நன்றி.

அப்புறம், அவசரப் பிரிவுச் செவிலியரே, உங்களுக்கு. போர்வை போர்த்தக் காலை நேராக்கியதும் அம்மா துடித்தார். மடக்கியதும் முகம் தெளிந்தது. வயிற்று வலி என்று வந்தவர் ஏன் வலது காலை மடக்கியே வைத்திருக்கிறார் என்று டாக்டரிடம் போய்ச் சொன்னது நீங்கள்தான்.

அந்த இளம் டாக்டர் எதையும் விடவில்லை. வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருக்கிறதா என்று தொப்புளுக்கு மேல் அழுத்திப் பார்த்தார் (சுமார் 2 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டியது 3-ஐ எட்டினாலே வீக்கமாம்). பாதங்களில் நாடி பார்த்தார். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விடுகிறதா? அப்படியென்றால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். முன்னால் குனிந்தால் குறைகிறதா? முதுகுத்தண்டில் நரம்புப் பாதை குறுகியிருக்கலாம். அக்கியில் கொப்புளத்துக்கு முன்பே வலி வரும் என்று இடுப்பைச் சுற்றித் தோலையும் பார்த்தார். கடைசியில் காலை மெல்ல நீட்டி உள்பக்கமாகத் திருப்பினார். அம்மா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இதே வலிதானேம்மா?"

"இதேதான்பா."

சிடி ஸ்கேனில் தெரிந்தது: ஆப்டுரேட்டர் ஹெர்னியா, அரிதான ஒரு குடலிறக்கம். இடுப்பெலும்பில் உள்ள ஒரு சின்ன வழியாகத்தான் ஒரு நரம்பு தொடைக்குப் போகிறது. மெலிந்த வயதான பெண்களுக்கு அங்கே கொழுப்பு கரைந்து இடம் விட்டுப்போனால் குடல் நுழைந்துவிடும். குடல் சிக்கினால் வயிறு வலிக்கும், நரம்பு நசுங்கினால் தொடை வலிக்கும். ஆழத்தில் இருப்பதால் வெளியே புடைப்புகூடத் தெரிவதில்லை.

அன்றிரவே அறுவை சிகிச்சை செய்தார்கள். குடல் அழுகியிருக்கவில்லை, அதனால் வெட்டவேண்டி வரவில்லை. அந்தக் குழுவினருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

ஸ்கேன் எடுக்கும்போது, கால் நீட்ட முடியாத அம்மாவின் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை மடித்து வைத்த தம்பி ஒருவர் இருந்தார். பெயர் கேட்கத் தவறிவிட்டோம். "அந்தப் பிள்ளைகிட்ட சொன்னியா?" என்று அம்மா தினமும் கேட்கிறார். தம்பி, இப்போது சொல்லிவிட்டேன்.