தண்ணீரில் மிதந்த பிரேக் ஒயில்

உவர்மலை,
திருகோணமலை.
2025 மார்ச் 3

முகாமையாளர்,
மோட்டார் உதிரிப்பாக விற்பனைப் பிரிவு,
கொழும்பு.

உங்கள் லேபல் ஒட்டிய பிரேக் ஒயில் பற்றிய புகார்

ஐயா,

கடந்த ஜனவரி 11-ஆம் திகதி உங்கள் நிறுவனத்திடம் போனில் ஓடர் கொடுத்து, என் எம்.ஜி.பி என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக், கிளட்ச் வேலைக்கான, எண்ணெய் கசியாமல் அடைக்கும் றப்பர் செட்டுகளையும் 500 மில்லிலீற்றர் பிரேக் ஒயில் போத்தல் இரண்டையும் வாங்கினேன். போத்தல்களில் இருந்தது உங்கள் நிறுவனத்தின் சொந்த லேபல். அதில் ‘டொட் 4’ என்று பிரேக் ஒயிலின் தரக் குறியீடு போட்டிருக்கிறது. உள்ளே இருந்தது பிரேக் ஒயில் இல்லை. அதை ஊற்றியதால் காரின் பிரேக்கிலும் கிளட்சிலும் உள்ள எல்லா றப்பரும் கெட்டுவிட்டன. மூன்று தடவை போன் எடுத்துக் கதைத்தேன். மூன்று தடவையும் மூன்று விதமான பதில் கிடைத்தது. அதனால்தான் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். பதிலும் எழுத்திலேயே வேண்டும்.

கார் 1969-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அப்பா 1981-இல் மலைநாட்டில் ஒரு தோட்டத்துரையிடம் வாங்கி, கண்டி, ஹபரணை வழியாகத் தானே ஓட்டிக்கொண்டு வந்தது. சண்டைக் காலத்தில் பல வருஷம் படங்குக்குக் கீழே கிடந்தது. அப்பா போன பிறகு அதை நான்தான் பார்க்கிறேன். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இப்படியான காரை வைத்திருப்பது எவ்வளவு வேலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரின் அடிப்பக்கத்தில் வருகிற துருவைச் சுரண்டுவது, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் எஸ்.யூ காபுரேற்றர் இரண்டையும் ஒரே சீராக வைப்பது, வால்வ் இடைவெளி பார்ப்பது எல்லாம் வீட்டு முற்றத்தில் என் கையால்தான் நடக்கும். மாரி மழைக்காலத்தில் கார் வெளியே போகாது. பெரிய வேலைகளை அந்த மாதங்களில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இந்த மாரிக்கு வைத்துக்கொண்டது பிரேக். இந்தக் காரின் பிரேக்குக்கு எண்ணெய் ஓடும் சுற்று ஒன்றே ஒன்றுதான். இப்போதைய கார்களைப்போல இரண்டாகப் பிரித்து, ஒன்று போனால் மற்றது பிடிக்கும் என்ற ஏற்பாடு இதில் இல்லை. ஒரு றப்பர் கசிந்தால் நான்கு சில்லுக்கும் பிரேக் இல்லாமல் போகும். அதனால் ஒன்றையும் அரைகுறையாக விடவில்லை. பெடலை மிதித்ததும் எண்ணெயை அழுத்தும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், கீழே அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், முன் சில்லுகளின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பர் இரண்டிலும் உள்ள நான்கு பிஸ்டன்கள், பின் சில்லுகளின் வீல் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் கழற்றினேன். சிலிண்டர்களின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். மெதிலேட்டட் ஸ்பிரிட்டால் கழுவிக் காயவிட்டு, நீங்கள் அனுப்பிய புது றப்பர்களைப் போட்டேன். அந்த றப்பர்களில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல சாமான்தான் அனுப்பியிருந்தீர்கள். அப்புறம் பின் சில்லிலிருந்து தொடங்கி, மகள் பெடலை மிதிக்க, நான் சில்லுப் பக்கத்தில் எண்ணெயை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து மூடி, குழாய்களில் அடைபட்ட காற்றை வெளியேற்றினேன். இரண்டு போத்தலையும் சீல் உடைத்து அன்றுதான் திறந்தேன். முழுவதும் போகவில்லை. இரண்டாவது போத்தலில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று நடந்தது. ஊற்றும்போது கொஞ்சம் சிந்தி, மட்கார்டின் பச்சைப் பெயின்ரில் விழுந்தது. பிரேக் ஒயில் பட்டால் பெயின்ர் பொங்கி உரிந்துவிடும் என்பது இந்த வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். பயந்து தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். பெயின்ருக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். உண்மையான பிரேக் ஒயிலாக இருந்திருந்தால் சின்ன அடையாளமாவது விழுந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. அதற்காக இன்றும் மனம் வருந்துகிறது, ஏனென்றால் அடுத்த தடவை கார் வெளியே போனபோது மகள் என் பக்கத்தில் இருந்தாள்.

முதல் ஒரு கிழமை பெடல் நன்றாகவே இருந்தது. இரண்டாம் கிழமை பெடலில் இருக்க வேண்டிய சிறு இளக்கம் இல்லாமல் போய், தொட்ட உடனே கல் மாதிரி நின்றது. புது றப்பர் படியவில்லை என்று எண்ணினேன். பெப்ரவரி 15, சனிக்கிழமை காலை, மகளோடு நிலாவெளிப் பக்கம் போனேன். உப்புவெளியைக் கடந்ததும் கார் இழுக்கத் தொடங்கியது. கியரைக் குறைத்தும் ஓட்டம் வரவில்லை. சாம்பல்தீவைத் தாண்டும்போது எரிந்த மணம் வந்து, முன் சில்லு இரண்டிலிருந்தும் புகை கிளம்பியது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. கார் நடுத் தெருவில் நின்றுவிட்டது. பிரேக்கில் நான் கால் வைக்கவே இல்லை. கடற்கரையிலிருந்து வந்த தம்பிமார் இரண்டு பேர் தள்ளிப் பார்த்தார்கள். ஒரு அங்குலம்கூட அசையவில்லை.

சூடு ஆறிய பிறகு ஸ்பனரை எடுத்து முன் சில்லின் நிப்பிளைக் கொஞ்சம் திறந்தேன். எண்ணெய் ஒரு முழத்துக்குப் பீச்சியடித்தது. உடனே சில்லு இளகிச் சுற்றியது. உள்ளே அழுத்தம் பூட்டிக் கிடந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிப் போவதற்கு ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கிறது. பெடலை விட்டதும் றப்பர் பின்னுக்கு வந்து அந்தத் துளையைத் திறந்துவிட வேண்டும். றப்பர் ஊதினால் துளை அடைபட்டே இருக்கும். அழுத்தம் திரும்பாது, சூடு ஏற ஏற எண்ணெய் விரியும், பிரேக் தானாக இறுகும். அன்று தெருவில் எங்களுக்கு நடந்தது அதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். மூன்று கிழமைக்கு முன் விரலால் தள்ளிப் போட்ட பிஸ்டனை இந்த முறை மரக்கட்டையில் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. றப்பர் கொழகொழவென்று மென்மையாகி, நீங்கள் அனுப்பியதில் போடாமல் வைத்திருந்த இன்னொன்றைவிட ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் பருத்திருந்தது. வேர்னியர் வைத்து அளந்து படம் எடுத்திருக்கிறேன். கிளட்ச் சிலிண்டரிலும் அதே கோலம். கலிப்பர் றப்பர்களும் அப்படியே.

போத்தலில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. டொட் 3, டொட் 4 பிரேக் ஒயில்கள் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தவை. தண்ணீரோடு கலந்துவிடும். காற்றில் உள்ள ஈரத்தை இழுப்பதால்தான் அதன் மூடியைத் திறந்து வைக்கக் கூடாது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்கிறார்கள். புது டொட் 4 ஒயில் குறைந்தது 230 பாகை சூட்டைத் தாங்க வேண்டும், ஈரம் ஏறியதோ 155 பாகையிலேயே கொதித்துவிடலாம். நான் இரண்டு கிளாசில் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் திருகோணமலைக் கடையொன்றில் வாங்கிய வேறு டின்னிலிருந்து ஒரு கரண்டி விட்டுக் கலக்கினேன். கரைந்துபோனது. மற்றதில் உங்கள் போத்தலிலிருந்து ஒரு கரண்டி விட்டேன். விளக்கெண்ணெய் மாதிரி மேலே மிதந்தது. எவ்வளவு கலக்கினாலும் திரும்பத் திரும்ப மேலேயே வந்து நின்றது. அப்புறம் மிச்சமிருந்த புது றப்பர் இரண்டை எடுத்து, ஒன்றை அந்த டின் ஒயிலிலும் மற்றதை உங்கள் ஒயிலிலும் மூன்று நாள் ஊறவைத்தேன். முதலாவது போட்டபடியே இருந்தது. மற்றது ஊதிவிட்டது. இரண்டு சோதனையையும், பக்கத்தில் அன்றைய பத்திரிகையை வைத்து, வீடியோ எடுத்து உங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்ததற்கான நீலக் கோடு விழுந்து பத்து நாளாகிறது.

உள்ளே இருப்பது மினரல் எண்ணெய், அதாவது பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய். மினரல் எண்ணெயில் வேலை செய்கிற கார்களும் உலகத்தில் உண்டு. பழைய சிட்ரோன் கார்களின் பச்சை எண்ணெய் அப்படிப்பட்டதுதான். ஆனால் அந்தக் கார்களுக்கு றப்பரே வேறு. பவர் ஸ்டீயரிங் ஒயில்களிலும் பல இந்த இனம்தான். உங்கள் ஸ்டோரில் பீப்பாவிலிருந்து போத்தலுக்கு நிரப்பும்போது பீப்பா மாறியிருக்கலாம் என்று நினைக்கிறேன். வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. தவறு நடந்ததைச் சொன்ன பிறகும் எடுத்துப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

உங்கள் பக்கத்தில் சொன்ன பதில்களுக்கு வருகிறேன். முதலில் பேசியவர், “ஐம்பத்தாறு வருஷத்துக் கார், றப்பர் அப்படித்தான் போகும்” என்றார். கார்தான் பழையது. றப்பர் நீங்கள் ஜனவரியில் விற்றது. அத்தோடு இது யாருக்கும் விளங்காத காரும் இல்லை. 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்த கார். எந்த இடத்தில் எந்த றப்பர், எந்த ஒயில் என்று அச்சிட்ட கைநூல் இருக்கிறது. இரண்டாவது நபர், வீட்டில் செய்த வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்றார். என் வேலைக்கு உத்தரவாதத்தை நான் உங்களிடம் கேட்கவே இல்லை. போத்தலின் லேபலுக்கும் உள்ளே இருப்பதற்கும் உத்தரவாதம் கேட்கிறேன். கராஜில் செய்திருந்தாலும் மெக்கானிக் இதே போத்தலைத்தான் ஊற்றியிருப்பார், இதேதான் நடந்திருக்கும். மூன்றாவது நபர் மரியாதையாகப் பேசினார், அதற்கு நன்றி. ஆனால் “ஒரு புது போத்தல் அனுப்புகிறோம், பிரச்சினையை முடித்துக்கொள்வோம்” என்றார்.

1,850 ரூபா போத்தலை மாற்றித் தருவதால் இது முடியாது. மினரல் எண்ணெய் பட்ட றப்பரைக் கழுவித் திரும்பப் போட முடியாது. ஒவ்வொன்றையும் எறிய வேண்டும். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று, கிளட்சுக்கு ஒன்று என்று நான்கு ஹோஸ் இருக்கின்றன. உட்புறம் றப்பர் என்பதால் அவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். வெளியே பார்க்க நல்லாய் இருக்கும் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டால் மறுபடி இதே கதைதான். இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவி ஊதி எடுப்பேன், அது என் பொறுப்பு. என் கூலியையும் கேட்கவில்லை. இரண்டு போத்தலின் விலை 3,700 ரூபா, றப்பர் செட்டுகளின் விலை 46,500 ரூபா, நான்கு ஹோஸுக்கு உங்கள் ஆளே சொன்ன விலை 22,000 ரூபா, மொத்தம் 72,200 ரூபா. காசாகத் தரலாம். அல்லது அதே சாமான்களைப் புதிதாக, சீல் உடைக்காத கம்பனி டின்னில் வந்த பிரேக் ஒயிலோடு அனுப்பலாம். எது வசதியோ அதைச் செய்யுங்கள்.

அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பீப்பாவிலிருந்து எத்தனை போத்தல் நிரப்பினீர்கள்? யாருக்கு விற்றீர்கள்? என்னுடையது ஓய்வுநாள் கார், மெதுவாகப் போனேன், சமதரைத் தெரு. அதனால் நானும் மகளும் தப்பினோம். வெள்ளிக்கிழமைகளில் நான் அம்மாவை ஏற்றிக்கொண்டு கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுவேன். இறங்கும்போது சரிவில் நடந்து வருகிற சனம், குறுக்கே மான்கள். ஊதிய றப்பர் முதலில் பிரேக்கைப் பிடித்துவைக்கும். அதே நிலையில் இன்னும் கொஞ்சக் காலம் ஓடினால் றப்பரின் விளிம்பு கிழிந்து ஒயில் கசியும், அப்போது பிடிப்பதற்குப் பிரேக்கே இருக்காது. அதே லேபல் போத்தலை ஒரு ஸ்கூல் வானுக்கு ஊற்றியிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தத் தொகுதியை விற்பனையிலிருந்து உடனே எடுங்கள். பில் புத்தகத்தைப் பார்த்து வாங்கினவர்களுக்கு இன்றே போன் எடுங்கள். என் காசு ஒரு மாதம் பிந்தினாலும் பொறுப்பேன், இது ஒரு நாளும் பிந்தக் கூடாது.

எஞ்சிய ஒயிலை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். ஒரு பகுதி, லேபலோடு கூடிய வெற்றுப் போத்தல், ஊதிய மாஸ்டர் சிலிண்டர் றப்பர் மூன்றும் பதிவுத் தபாலில் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. மற்றப் பகுதியும் மிச்ச றப்பர்களும் என்னிடம் இருக்கும். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு ஏப்ரல் 11 வரை நேரம் இருக்கிறது. மார்ச் 20-க்குள் உங்கள் பதில் எழுத்தில் வராவிட்டால் இதே கடிதத்தை அங்கே கொடுப்பேன்.

அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்குச் சாமான் வருவது உங்கள் கடையிலிருந்துதான். ஜனவரியில் பார்சலைப் பிரித்தபோது பில்லில் அதே பழைய கடை முத்திரையைப் பார்த்து மகளுக்குக் காட்டினேன். உங்களில் யாராவது ஒருவர், ஒரு கிளாஸ் தண்ணீரில் அந்த ஒயிலை ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
எம்.ஜி.பி கார் வைத்திருக்கும் உங்கள் திருகோணமலை வாடிக்கையாளர்

இணைப்பு: ஜனவரி 11-ஆம் திகதி பில்லின் நகல், படங்கள் ஒன்பது.