பேட் ஏலம் விடுங்க, ஆனா காசை கையோட வாங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கட்டிக் கெடக்கும், எங்க பசங்க எல்லாம் கிரவுண்டுல கெடப்பாங்க. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம்னு எங்க பார்த்தாலும் டென்னிஸ் பால் டோர்னமெண்ட்தான். இந்த தடவ எங்க டீம் பசங்க, பெரிய பிளேயர் ஒருத்தர் கையெழுத்து போட்ட பேட் ஒண்ணு வாங்கி ஃபைனல் அன்னைக்கு ஏலம் விடலாம், வர்ற காச இலங்கை ஜெயில்ல இருக்கிற மீனவங்க வீட்டுப் பிள்ளைங்க ஸ்கூல் பீஸுக்கு குடுத்துரலாம்னு சொல்றாங்க. நல்ல காரியம். அத பத்திதான் எழுதுறேன்.

ஊர் பெருசுங்க "ஒரு கட்டைக்கு எவன்டா காசு குடுப்பான்"னு சிரிக்கிறாங்க. 2011 வேர்ல்ட் கப் ஃபைனல்ல தோனி சிக்ஸ் அடிச்சு முடிச்ச பேட் அதே வருஷம் லண்டன்ல 1 லட்சம் பவுண்டுக்கு போச்சு. 2020ல ஆஸ்திரேலியா காட்டுத்தீ நிவாரணத்துக்கு ஷேன் வார்னே தன்னோட டெஸ்ட் தொப்பிய ஏலம் விட்டாரு, 10 லட்சத்து 7 ஆயிரத்து 500 ஆஸ்திரேலிய டாலர். எடுத்தது காமன்வெல்த் பேங்க், எடுத்துட்டு லாக்கர்ல பூட்டல, ஊர் ஊரா கொண்டுபோய் ஜனங்களுக்கு காட்டுச்சு. 2024ல கே.எல். ராகுலும் அவர் மனைவியும் காது கேளாத பிள்ளைங்களுக்காக நடத்துன ஏலத்துல கோலி ஜெர்சி மட்டுமே 40 லட்சம்!

ஆனா தோனி பேட், வார்னே தொப்பியெல்லாம் அவங்களே மேட்ச்ல புடிச்சது, போட்டது. நம்ம பசங்க கொண்டு வரப்போறது கடையில வாங்கி சைன் மட்டும் போட்ட பேட், அதுக்கு அந்த ரேட்டெல்லாம் வராது, ஆசைய கொஞ்சம் அடக்கிக்கணும். அதோட சைன் ஒரிஜினலான்னு ஒருத்தன் கேட்டா பதில் இருக்கணும். ஆன்லைன்ல விக்கிறதுல அச்சடிச்ச கையெழுத்தும் உண்டு, லென்ஸ் வச்சு பாத்தா சின்ன சின்ன புள்ளியா தெரியும், பேனா மை அப்படி இருக்காது. பிளேயர் கையெழுத்து போடும்போதே பேட்டோட சேத்து போட்டோ, வீடியோ எடுத்துட்டா பிரச்சனையே இல்ல.

ஏலம் விடுறத நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், கரையில மீன கொட்டுன நிமிஷமே ஏலம்தான். சிக்கல் காசு வாங்குறதுல இருக்கு. கோயில் திருவிழாவுல எலுமிச்சம்பழம், தேங்காய்னு ஏலம் எடுப்பாங்களே, மைக்குல பேர் சொல்றாங்கங்கிற குஷியில பத்தாயிரம்னு கத்திருவாரு, காசு அடுத்த வருஷ திருவிழாவுக்குதான் வரும், சாமியும் பொறுத்துக்கும். ஜூன்ல ஸ்கூல் தொறந்தா பீஸ் கேக்குறவங்க அப்படி பொறுப்பாங்களா? கைதட்டுல ஏத்திவிட்டு அப்புறம் வீடு வீடா போய் கேக்குற பொழப்பு நம்ம பசங்களுக்கு வேண்டாம். ஏலத்துல நிக்கிறவங்ககிட்ட முன்னாடியே ஒரு டெபாசிட் வாங்குங்க, மூணாந்தரம் சொன்னதும் மிச்சத்த ஜிபேவோ ரொக்கமோ அங்கயே வாங்கி ரசீது கிழிச்சு குடுங்க. கட்ட முடியலன்னா அவருக்கு அடுத்து கேட்டவருக்கு பேட் போகும்னு மைக்குல முன்கூட்டியே சொல்லிருங்க. எடுக்கிறது யாரா இருந்தாலும் பேட்ட ஸ்கூல் ஷோகேஸ்ல அவர் பேரோட வச்சா பிள்ளைங்க பாக்கும், அவருக்கும் பெருமை.

இன்னொன்னு, பந்தல், சாப்பாடு, மைக் செட் செலவ ஏலக் காசுல கழிக்காதீங்க. அதுக்கு டீம் என்ட்ரி பீஸ் இருக்கு. இப்ப சொல்லலன்னா அப்புறம் ஏலக் காசுல கை வச்சுட்டாங்கன்னு பேச்சு வேற வரும்.

ஏலம் முடிஞ்சதும் எவ்வளவு வந்துச்சு, எத்தன வீட்டுக்கு போச்சுன்னு பசங்கள உங்க பேப்பருக்கே எழுதி அனுப்ப சொல்றேன். ஒரு ஓரமா போட்டு விடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாம்பன்