கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கடிதம்

கொழும்பு 13
நவம்பர் 3

ஏட்டி ஸ்டெல்லா,

நான் சுகம். அறை, சாப்பாடு, படிப்பு எல்லாம் நல்லபடியாகப் போகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? மக்ரூன் அனுப்புகிறேன் என்று ஈஸ்டருக்கு முன்னால் சொன்னவள் நீ. வட்டியோடு நேரில் வந்து வசூலிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரி உன் தம்பி போன் பண்ணினான். கல்லறைத் திருநாளுக்கு வீட்டில் எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கிளம்ப, நீ மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாயாம். அங்கிள் போனபிறகு, உன் அப்பா இல்லாமல், வருகிற முதல் கல்லறைத் திருநாள். "அக்கா கோயிலுக்கும் போறதில்ல, ஜெபமாலைக்கும் உக்கார்றதில்ல, நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றான். பாவம், குரல் உடைந்துபோயிருந்தது. உனக்குப் புத்தி சொல்ல நான் யார்? ஆனால் மடு மாதா கோயிலில் பார்த்த ஒன்றை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். போனில் ஆரம்பித்தால் இரண்டு பேரும் அழுதே முடித்துவிடுவோம்.

செப்டம்பரிலிருந்து லீவு கிடைத்தபோதெல்லாம் ஊர் சுற்றுகிறேன். இங்கே இப்போது மத்தியானம் தாண்டினால் இடியும் மழையும்தான். குடையோடுதான் எங்கும் போக வேண்டும். எல்லாம் யோசேவாஸ் அடிகளாரால் வந்த அலைச்சல். கோவாக்காரர். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் இங்கே காலிமுகத்திடலில் வைத்துப் புனிதராக அறிவித்தாரே, அவர்தான். 1687-இல் அவர் இந்தத் தீவுக்குத் தோணி ஏறியது எங்கிருந்து தெரியுமா? நம்ம தூத்துக்குடியிலிருந்து! பனிமய மாதா தேர் வருகிற தெருவிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாருமே சொல்லவில்லை பார்.

அப்போது இங்கே ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் ஆட்சி. கத்தோலிக்க குருக்கள் கால் வைக்கக் கூடாது. அதனால் கூலியாள் வேஷத்தில் வந்தார். யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது வயிற்றுக்கடுப்பில் சாகக் கிடந்தாராம். கொஞ்சம் தேறியதும் கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அதைப் பார்த்து எந்த வீட்டில் முகம் மாறுகிறதோ, அது நம்ம ஆட்கள் வீடு. அப்படித்தான் சில்லாலை என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658-இல். கணக்குப் போட்டுப் பார், 29 வருஷம். பூசை இல்லை, நற்கருணை இல்லை, சாகிறவனுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. அந்த ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்துக் காத்திருந்திருக்கிறார்கள். வெள்ளவத்தையில் ராத்திரி பஸ் ஏறி அந்தச் சில்லாலைக்குப் போய் நின்றேன். நம்ம பக்கம் மாதிரியே பனைமரம். கோயிலுக்குள் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நமக்குக் கோயில் என்றால் ஊர், தேர், சொந்தக்காரர், புதுத்துணி. இதெல்லாம் ஒன்றுமே இல்லாமல் போனால் என்னிடம் என்ன மிஞ்சும் என்ற யோசனை அங்கேதான் வந்தது. இன்னும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்தே போய்விடுகிறேன். கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது ஒரு சாமியார் சிலுவையை நட்டு ஜெபித்துத் திருப்பி அனுப்பினார் என்பது அந்த இடத்துக் கதை. கடல் அரிப்பைப் பற்றியே படிக்க வந்த எனக்கு அந்தக் கதை மேல் தனிப் பிரியம். திருநீறு வைத்தவர்கள், பௌத்த பிக்குகள் ஓதிக் கட்டிவிடும் பிரித் நூலோடு சிங்களவர்கள், எல்லோரும் வருகிறார்கள். 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த கோயில் அது. ஜூன் மாதமே திரும்பத் திறந்துவிட்டார்கள். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் அங்கிள் பேரைச் சொல்கிறேன். நீ கேட்கவில்லை, நானாகத்தான்.

இனி மடு. ஜெபமாலை மாதமாயிற்றே என்று போன மாதம் போனேன். மதவாச்சி தாண்டி மன்னார் ரோட்டில் மடுச் சந்தியில் இறங்கி, ஓட்டோ பிடித்துக் காட்டுக்குள் போக வேண்டும். ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள், 1670 வாக்கில். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மறுபடி தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய், ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். மாதாவும் இடம்பெயர்ந்தவள்தான்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றிருந்தார். முல்லைத்தீவுப் பக்கம். 2009 மே மாதத்துக்குப் பிறகு மகனைக் காணவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் அவன் போட்டோ. உறையின் ஓரமெல்லாம் விரல் பட்டுப் பட்டு மங்கிப்போய் முகம் இருக்கும் இடம் மட்டும் தெளிவாக இருந்தது. முதலில் மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சத்தம் ஏறியது. "நீயும் ஒரு பிள்ளையைப் பெத்தனீதானே? உன்ர பிள்ளையின்ர உடம்பையாவது உன்ர மடியில தந்தவங்கள். எனக்கு அதுவும் தரேல்லையே! நீ பாத்துக்கொண்டுதானே நிண்டனீ?"

ஸ்டெல்லா, அப்படியே மாதாவைப் பார்த்துத் திட்டினார். கெஞ்சவே இல்லை. நான் நடுங்கிப்போனேன். பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரி வாய் திறக்கவில்லை. சிலாபத்திலிருந்து வந்திருந்த ஒரு சிங்கள அம்மா, ஒரு சொல் புரிந்திருக்காது, நழுவிக் கிடந்த அவருடைய பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். இவர் வாங்கிக் குடித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள், ஒருவர் தமிழில், மற்றவர் சிங்களத்தில். அந்த முல்லைத்தீவு அம்மா வருஷா வருஷம் வருவாராம். வருஷா வருஷம் இதே கேள்வியாம்.

உனக்கு உடம்பாவது கிடைத்ததே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படி யாராவது சொன்னால் அவர்களை நீ அடிக்கலாம், நானும் சேர்ந்து அடிப்பேன். அங்கிளைக் கரையில் கொண்டுவந்து போட்ட அன்று உன் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவள் நான். நீ சாமி மேல் கோபமாக இருக்கிறாய். இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோபத்தை அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, பேச்சுவார்த்தையே இல்லாமல் இருக்கிறாயே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்குச் சண்டை போடத் தெரியாதா? சகாயம் வாத்தியாரை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டவள்தானே நீ? பனிமய மாதா முன்னால் போய் நில். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போ. கேட்க வேண்டியதைக் கேள். பதில் வருமா என்று எனக்குத் தெரியாது. மடுவில் அந்த அம்மாவுக்கும் வரவில்லை. ஆனால் அவர் கேட்பதை நிறுத்தவில்லை, ஸ்டெல்லா.

டிசம்பரில் பரீட்சை முடிந்ததும் மதுரைக்கு விமானம் ஏறுகிறேன், கிறிஸ்துமஸுக்கு ஊரில் இருப்பேன். வந்த மறுநாள் காலையில் அங்கிள் கல்லறைக்குப் போகிறேன். நீ வந்தால் சேர்ந்து போவோம். வரவில்லை என்றால் போய்விட்டு நேரே உன் வீட்டுக்குத்தான் வருவேன், அந்தக் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஆச்சி கேட்ட மடு மண் ஒரு சின்ன டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. பாம்புக்கடிக்கு நல்லது என்று இங்கேயும் எல்லோரும் வீட்டில் வைத்திருக்கிறார்கள். வரும்போது கொண்டுவருகிறேன். தம்பியைத் திட்டாதே, அவன் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறான்.

உன்
மெர்சி